பொடி வைக்காத ஒட்டு

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பின்னே எரியாதா? கடைக்கார அம்மாவின் கண்ணாடிப் பெட்டியில் இந்த வீட்டு மோதிரத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு தட்டு. ஒன்பது வருடமாக அது அவளுடையது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த இளையவள் இரண்டே வருடத்தில் வெள்ளியை ஒட்டும் நெருப்பு டார்ச் பிடிக்கக் கற்று, இன்று அதே தட்டுக்குப் போட்டியாக நிற்கிறாள். முன்னே பிறந்த காதைவிடப் பின்னே முளைத்த கொம்பு பெரிதாம்.

மூத்தவள் ஒட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. வெள்ளி முனைகளுக்கு நடுவே பற்றவைக்கும் பொடியை வைத்துச் சூடு காட்டினால் பிடித்துக்கொள்ளும். இளையவளுக்குப் பொடியே வேண்டாம். சுத்த வெள்ளிக் கம்பியைச் சுற்றி, சூளைக்கல்லில் வைத்து மொத்தமாகச் சுடுவாள். ஒரு நொடி கம்பியின் மேல்தோல் கண்ணாடிபோல மினுங்கும். அப்போது வெள்ளியோடு வெள்ளி தானாகச் சேரும். உடனே நெருப்பை எடுத்துவிட வேண்டும். இன்னொரு நொடி நின்றால் உருகி உருண்டையாகிவிடும்.

"பொடியே வைக்காம ஒட்டுறாளே, என்ன கை உங்க ஓரகத்திக்கு" என்று கடைக்கார அம்மா போன தடவை மெச்சினார். அன்றிலிருந்து மூத்தவள் பேச்சில் பொடி வைக்க ஆரம்பித்தாள்.

"நமக்கெல்லாம் பொடி இல்லாம ஆகுமா? நாம என்ன பிறவி மேதையா?"

"நீங்க டார்ச் பிடிக்கச் சொல்லிக் குடுத்த கைதானேக்கா" என்பாள் இளையவள். அந்த அடக்கத்தைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை.

கடைக்கார அம்மா பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்தரைக்கு இளையவள் மீதமிருந்த கம்பியை மூன்று சுற்றாகச் சுற்றிக் கல்லில் வைத்தாள். மினுக்கம் தெரிவதற்காக ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். எதிர் மேசையில் மூத்தவள் அரத்தை நிறுத்தினாள். கம்பி வெளுத்தது, சிவந்தது, மினுங்கியது.

"அடுப்புல பால் பொங்குது போல."

மூத்தவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இளையவளின் தலை சமையலறைப் பக்கம் திரும்பியது. நெருப்பு அங்கேயே நின்றது. மோதிரத்தின் ஒரு பக்கம் உருகிச் சொட்டாகத் திரண்டது.

அடுப்பில் பாலே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் கெட்டுப்போன மோதிரத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது, அரை மணி நேரத்துக்கு.

கடைக்கார அம்மா வந்தார். மூத்தவளின் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்து, "வழக்கம்போல நல்லா இருக்கு" என்று கீழே வைத்தார். பிறகு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கைவிட்டு அந்தக் கெட்டுப்போனதை எடுத்தார்.

"இது என்ன, சொட்டு ஒண்ணு விழப்போற மாதிரி நிக்குது? வேணும்னே செஞ்சியா?"

"தானா வந்ததும்மா" என்றாள் இளையவள், யாரையும் பார்க்காமல்.

"கம்பி அனுப்புறேன். இதே மாதிரி பன்னிரண்டு குடு. இனிமே தட்டுல இதுதான்."

மறுநாள் இளையவளுக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. பார்த்துக்கொண்டே சுட்டால், பழகிய கை மினுங்கியதுமே நெருப்பை எடுத்துவிட்டது. நாலு தடவை செய்து பார்த்தாள். ஐந்தாவது கம்பியை வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, இங்க வந்து உக்காருங்க. மினுங்கினதும் சொல்லுங்க."

"என்னன்னு?"

"பால் பொங்குதுன்னு. நேத்து அந்த நொடிக்குச் சரியாச் சொன்னீங்களே. என்னைவிட உங்க கண்ணுக்கு அது நல்லாத் தெரியுது."

மூத்தவள் அந்தப் பேச்சில் பொடியைத் தேடினாள். துளிகூட இல்லை. உட்கார்ந்தாள்.

கம்பி வெளுத்தது, சிவந்தது, மினுங்கியது.

"பால் பொங்குது" என்றாள்.