அவள் பிடுங்கி வாங்கிய அறை

என் தங்கையை அமைதியின் வடிவம் என்றார் கோர்ட்டு மேலதிகாரி. மைக்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவளா அமைதி? கோர்ட்டிலிருந்து அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி எறிகிற வேகத்திலேயே, அன்றைக்கு எந்த அதிகாரியோடு மல்லுக்கு நின்றாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடிபட்டவர்கள், பறிகொடுத்தவர்கள், சீரழிக்கப்பட்டவர்கள் சாட்சி சொல்ல வரும்போது கூடவே இருப்பதுதான் அவள் வேலை. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு நீள பெஞ்சுகள். அடித்தவன் ஒன்றில், அடிபட்டவள் மற்றதில். கூப்பிடும்வரை அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை அகல விரித்துப் பிடித்துக்கொள்வாள். ஒரு வரிகூடப் படிக்கமாட்டாள். அந்த மறைவில்தான் எத்தனையோ பேர் தண்ணீர் குடித்தார்கள், அழுதார்கள்.

அதுவும் போதாதென்று, உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த ஓர் அறையைச் சாட்சிகளுக்காகக் கேட்டாள். இதே மேலதிகாரிதான் “பாக்கலாம்மா, பாக்கலாம்மா” என்று இழுத்தடித்தார். இவள் விடாக்கண்டி. தொல்லை தாங்காமல் கடைசியில் சாவியைக் கொடுத்தார். அவளே கழுவினாள், திரை மாட்டினாள், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தாள்.

போன வருடம் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் அவள்மேல் ஏற்றிக் கொன்றான். அந்த வழக்குக்காக அம்மாவும் நானும் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே அவன் காலை ஆட்டிக்கொண்டு, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா தலையே நிமிரவில்லை. அவனை அங்கேயே அறைந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

இப்போது அந்த அறைக்கு அவள் பெயர் வைக்கிறார்கள். விழாவும் அந்த அறைக்குள்ளேயே, கோர்ட்டு நடக்கிற நாளில், கோர்ட்டு நடக்கிற நேரத்தில். சுவரில் அவள் படம், தட்டுத் தட்டாக பிஸ்கட், முன்வரிசையில் பேசாமடந்தையாக அம்மா. அமைதியின் வடிவத்துக்கு மேல் கேட்கப் பொறுக்காமல் நான் வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் ஒரு தையல்காரப் பெண் நின்றிருந்தாள். வேலையைவிட்டு நிற்கிறேன் என்று சொன்னதற்காக, சூடான இஸ்திரிப் பெட்டியை முதலாளி இவள் கையில் வைத்து அழுத்தினான். சின்னவள் கடைசியாகப் பார்த்துக்கொண்ட வழக்கு; அவளைத் தேடி வீட்டுக்கு வந்தபோது இவளைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் இவள் சாட்சி. எதிர் பெஞ்சில் முதலாளி, சுற்றிலும் அவன் ஆட்கள்.

“உள்ள ஏதோ விழாவாம்க்கா. வெளியவே இருக்கச் சொல்லிட்டாங்க” என்றாள். “நான் கிளம்பறேன். இவனப் பாத்துட்டு உள்ள போனா எனக்குப் பேச்சே வராது.”

பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. இவள் வாசலைத் தாண்டினால் வழக்கு ஊற்றி மூடிக்கொள்ளும், அவன் நாளைக்கே இன்னொருத்தியை வேலைக்கு வைப்பான். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

“எல்லாரும் எழுந்திருங்க. இது சாட்சிங்க உக்கார்ற இடம்.”

மேலதிகாரி மைக்கைக் கையால் பொத்தினார். “பெரியவங்க வந்திருக்காங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. உங்க தங்கச்சி இருந்தா இப்படிக் கத்துவாங்களா?”

“கத்த மாட்டா. உங்கள நாற்காலியோட தூக்கி வெளிய வெச்சிருப்பா.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேலதிகாரி மைக்கைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் பிஸ்கட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அம்மா மட்டும் நகரவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் சாய்ந்து, பாதித் தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. அம்மா முந்தானையால் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே அவளைக் கூப்பிட்டார்கள். “தனியாவா போகணும்?” என்றாள்.

“நான் வரேன்” என்றேன்.

“நீ போனா அங்கயும் சண்டைதான் போடுவ” என்று அம்மா எழுந்தாள்.

முட்டிவலியோடு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலாளியையும் அவன் ஆட்களையும் தாண்டி நடந்தாள். விசாரணை அறை வாசலில் காவலாள் மறித்தான்.

“சாட்சி மட்டும்தான் போகணும். நீங்க யாரும்மா இவங்களுக்கு?”

தண்ணீர் கேட்கக்கூடக் குரலை உயர்த்தாதவள் என் அம்மா. பெற்ற பெண்ணைக் கொன்றவன் எதிரில் சிரித்தபோதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

“யாரா இருந்தா உனக்கென்ன?” என்றாள், தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி. “கதவத் திற.”

திறந்தான்.