முதுகு காட்டும் வீடுகள்

படியேறும்போதே பெயிண்ட் வாடை அடித்தது. டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த நீளமான அறையில் எப்போதும் ரப்பர் வாடைதான் ஜெயிக்கும். அதையும் மீறிப் பெயிண்ட் அடிக்கிறதென்றால் யாரோ மும்முரமாக வேலை செய்திருக்கிறார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, சின்ன ரயில் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து வெளியாட்களை உள்ளே விடும் நாள். அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஞ்சில் சுற்றி இரண்டு தெருவிளக்குகள் இருந்தன, தீக்குச்சி உயரத்தில். தங்கையின் பலகையில் நட வேண்டியவை.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் சங்கத்தில் அவரைக் 'கண்ணாடி சார்' என்பார்கள். அண்ணா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள், மூன்று மாதத்துக்கு முன் கழுவிய சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். அவரை அண்ணா என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை.

சங்கம் என்றால் பெரிய கூட்டமில்லை. ஆளுக்கொரு மேசையகலப் பலகை. அதில் அவரவர் மனம்போலத் தண்டவாளம், மலை, சந்தை, ஸ்டேஷன் எல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரே ஒரு சட்டம்தான்: பலகையின் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும். அப்போதுதான் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகாணியால் முடுக்கினால், ஒருவர் மலையில் கிளம்பிய ரயில் இன்னொருவர் சந்தை வழியாகப் போகும். சனிக்கிழமை எல்லோரும் கூடியதும், "இந்த வாரம் என்ன முடிஞ்சுது?" என்று தலைவர் வரிசையாகக் கேட்பார். லிஃப்ட் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கும் தோரணையில் அந்தக் கம்பெனி இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒருவர் ஒரு வளைவு போட்டிருப்பார். ஒருவர் புத்தம்புது எஞ்சினுக்குத் துரு பூசியிருப்பார். பல் டாக்டர் மட்டும் வருடக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லுவார்: "சுரங்கத்துக்குள்ள செங்கல் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்." உள்ளே கும்மிருட்டு, எவன் பார்க்கப் போகிறான் என்று எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

அண்ணன் உள்ளே வந்தார். பலகைகள் எல்லாம் முடுக்கி நீளமாக நின்றன. மலைக்கும் சந்தைக்கும் நடுவில் தங்கையின் பலகை. ஒரு கணம் அவருக்கு அது யாருடைய பலகை என்றே புரியவில்லை.

ஒன்பது வீடுகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீலக் கதவு, மஞ்சள் கதவு, ஜன்னலுக்கு வெள்ளை விளிம்பு, வாசலில் பட்டாணி அளவில் பூந்தொட்டி. பிஸ்கட் டப்பா மூடியில் வரும் படம் மாதிரி.

தங்கை செய்த வீடுகளுக்கு முகமே கிடையாது. தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள் அவள். ரயிலுக்கு வீடுகள் முதுகைத்தான் காட்டும் என்று சொல்லித்தான் அந்தப் பலகையையே ஆரம்பித்தாள். தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒன்பது முதுகுகள்: மாத்திரை அட்டையின் தகரத்தாளைக் கூரையாகப் போட்ட சார்ப்புச் சமையலறைகள், புகை படிந்த ஜன்னல், ஒழுகிப் பச்சை படர்ந்த குழாய், ஊசி மூடியில் செய்த தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலி, ஒற்றை நூலில் துணிக்கொடி. பின்வாசல் படியில் மடியில் பேசினோடு உட்கார்ந்து காய் நறுக்கும் ஒரு பொம்பளை, அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவள். அவளுக்கு முகம் வைக்கவே ஒரு சனி ஞாயிறு முழுதாகப் போனது. ஜன்னல்களுக்குத் தன் கடையின் பழைய மாதிரி லென்ஸ்களை அறுத்துக் கொடுத்தவர் அண்ணன். வீடுகளின் முன்பக்கம் அறைச் சுவரைப் பார்த்து நின்றது. அங்கே வெறும் அட்டைதான்.

இப்போது அந்த வெறும் அட்டைதான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. சார்ப்புகளைக் காணோம். கொடிகளைக் காணோம். காய் நறுக்கியவள் பக்கத்துப் பலகை ஸ்டேஷன் பெஞ்சில், யாரோ ஒட்டிவைத்த பெட்டியோடு, ரயிலுக்குக் காத்திருந்தாள்.

அண்ணனுக்குக் காது இரண்டும் சூடானது.

"யாரு பண்ணது இது?"

ஒரு ஆள் முகம் மலர முன்னால் வந்தார். கூரியர் ஆபீஸில் பார்சல் ஒட்டுகிறவர். விரலில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும், அதனால் பெயரே 'பசை'. கண்ணாடி சார் கடையை வேறு தெருவுக்கு மாற்றும் வேலையில் இரண்டு வாரம் வரவில்லை. அதற்குள் முடித்துவைத்து அவருக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நினைத்ததாகவும், இரண்டு வாரமும் சனி ஞாயிறு வேறு வேலையே பார்க்கவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அந்த மனுஷனுக்குக் கண்கூடக் கலங்கியது.

"தங்கச்சி பாதியில விட்டதை முடிச்சு வெப்போம்னுதான் சார்."

"அவ எதையும் பாதியில விடலை" என்றார் அண்ணன். "முடிஞ்ச வேலையைக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

பசையின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் அண்ணனின் கோபம் தணிந்திருக்க வேண்டும். இன்னும்தான் ஏறியது. கெட்ட எண்ணத்தோடு செய்தவனென்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். நல்லது செய்தேன் என்று நிற்கிறவனை என்ன செய்வது? துணிக்கொடியை அறுத்த கை இது. அறுக்கும்போதும் அவளை நினைத்துக்கொண்டுதான் அறுத்திருக்கும்.

சார்ப்புகள் எங்கே என்று கேட்டார். வீடுகளைத் திருப்பியதும் அவை பலகை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்ததால் ரம்பத்தால் எடுத்துவிட்டதாகத் தலைவர் சொன்னார். சங்கத்தில் எதையும் எறிய மாட்டார்கள். ஒரு மிட்டாய் டப்பாவில் எல்லாம் பத்திரமாக இருந்தன. அண்ணன் அதைத் திறந்து பார்த்தார். ஒன்பது சமையலறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"நான் திருப்பப் போறேன்" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஒட்டிய பசை இறுகிவிட்டது, பிடுங்கினால் தரையே கிழியும், நாளை காலை ஜனங்கள் வந்துவிடுவார்கள், மறுபடி ஒட்ட நேரமில்லை என்று அடுக்கினார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"கொஞ்சம் யோசிங்க சார். முதுகைப் பாக்கவா ஜனங்க வருவாங்க? குழாயும் பாசியும் கந்தல் துணியும். பாக்கறதுக்கு லட்சணமா ஒண்ணு இருக்க வேணாமா?"

"லட்சணமா? இந்தக் கதவைத் திறந்து ஒரு அடி எடுத்து வெச்சா என்ன இருக்குன்னு பாருங்க. தண்டவாளம். தவழற குழந்தை நேரா ரயில்லதான் போய் விழும். எந்த மடையனாவது ரயில் பாதையைப் பாத்து வாசல் வெப்பானா? லிஃப்ட்டுக்குக் கதவு வெச்ச ஆளுதானே நீங்க?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். தலைவரின் காது மடல் சிவந்தது. இது தனி ஆள் பலகையில்லை, சங்கத்தின் வரிசை என்றார். அப்படியானால் திருகாணியைக் கழற்றுகிறேன், என் தங்கை பலகையை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், மலைக்கும் சந்தைக்கும் நடுவில் ரயில் அந்தரத்தில் பறக்கட்டும் என்றார் அண்ணன். சொன்னதோடு நிற்காமல் குனிந்து முதல் திருகாணியில் கையும் வைத்துவிட்டார். தலைவர் விலகி வழிவிட்டார்.

அடுத்து வந்து நின்றவர் பல் டாக்டர். பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் மெழுகு நூல் டப்பா ஒன்றைப் பலகைமேல் வைத்துவிட்டுத் தன் மலைக்குத் திரும்பிப் போனார்.

அண்ணன் நூலை இரண்டு விரலிலும் சுற்றி, முதல் வீட்டின் அடியில் கொடுத்து, முன்னும் பின்னுமாக இழுத்தார். ஒட்டு அறுபட்டது. தரைப் புல்லில் ஒரு சதுரம் உரிந்து வந்தது. வரட்டும். வீட்டைத் தூக்கித் திருப்பி வைத்தார். சார்ப்பை அதன் இடத்தில் பொருத்தினால் ரம்பம் தின்ற இடம் பல்லிடுக்கு மாதிரி தெரிந்தது. தெரியட்டும் என்று ஒட்டினார். ஒவ்வொரு வீட்டை அறுக்கும்போதும் வாய்க்குள் திட்டிக்கொண்டேயிருந்தார். பசையை, தலைவரை, நீலப் பெயிண்டை, கடை மாற்றச் சொன்ன கட்டடக்காரனை.

எல்லாரையும்விட அதிகமாக, ஜன்னலோரம் மடக்கு நாற்காலிகளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை. தங்கையின் கணவர். ரயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். 'வார நாளுக்கு நான், சனி ஞாயிறுக்கு ரயில்' என்று தன் கல்யாணத்தைப் பற்றிக் கேலி பேசியே காலம் தள்ளியவர். வீட்டில் இருந்த பலகையை இவர்கள் கேட்டதும் தூக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க மாப்பிள்ளை?" என்றார் அண்ணன், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாப்பிள்ளை இன்னொரு நாற்காலியைத் துடைத்தார்.

பசை மட்டும் நகராமல் பக்கத்திலேயே நின்றார். தான் இரண்டு வாரம் வரைந்த கதவுகள் ஒன்றொன்றாகச் சுவர்ப் பக்கம் போவதைப் பார்த்தபடி. வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்ததும் மேசை விளக்கை எடுத்துவந்து பிடித்தார். அண்ணன் நன்றி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பசை மெதுவாகக் கேட்டார், ஒன்றையாவது இப்படியே விடக்கூடாதா என்று.

"கூடாது."

எட்டு முடிந்தது. ஒன்பதாவது, கோடியில் இருந்த வீடு. பச்சைக் கதவு. நூலைக் கொடுக்கக் குனிந்தபோது அண்ணன் அதை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தார். மற்ற கதவுகளில் பெயிண்ட் தடிப்பாக, தூரிகைக் கோடு தெரிய இருந்தது. இதில் அப்படியில்லை. கதவின் கீழ்ப்பகுதி மட்டும் வெளுத்திருந்தது, மழைச்சாரல் பட்டுப் பட்டு வெளுக்குமே, அப்படி. குண்டூசித் தலையில் கைப்பிடி. அதைச் சுற்றிக் கைபட்ட அழுக்கு. ஜன்னலில் ஒரு கதவு பாதி சாத்தியிருந்தது.

"இதையும் நீங்கதான் அடிச்சீங்களா?"

"இல்ல சார். நாங்க எட்டுதான் அடிச்சோம். இது ஏற்கெனவே இருந்துச்சு. இதைப் பாத்துட்டுத்தான்..." பசை விளக்கை மறு கைக்கு மாற்றினார். "அவங்க முன்பக்கம் அடிக்க ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டாங்கன்னு நெனச்சோம். அடிச்ச பக்கத்தைத்தானே வெளியே காட்டுவாங்க? அதான் திருப்பினோம்."

அண்ணன் நிமிர்ந்தார். அவள் மனசு எனக்குத் தெரியும் என்கிற ஒரே தைரியத்தில்தான் அவர் காலையிலிருந்து இத்தனை பேரையும் எதிர்த்து நின்றார். இந்தக் கதவு அவருக்குத் தெரியாது. ஒருவேளை அவளே எல்லாவற்றையும் திருப்பத்தான் இருந்தாளா? தான் இவ்வளவு நேரம் அறுத்தது யாருடைய வேலையை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே போய்விடுவாளா? இப்படியா ஒருத்தி போவாள்? நூல் விரலில் இறுகி நுனி நீலம் பாய்ந்தது.

"அந்தப் பச்சைக் கதவு அவ அடிச்சதுதான் மச்சான்."

மாப்பிள்ளை. கையில் ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"கடைசி ஞாயித்துக்கிழமை. சாப்பாட்டு மேசையில வெச்சு அடிச்சா. செவுத்தைப் பாத்து நிக்கப் போற கதவுக்கு எதுக்குடி பெயிண்டு, யாரு பாக்கப் போறான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அங்க இருக்கறவங்க எப்படி வீட்டுக்குள்ள போவாங்கன்னா. எப்பப் பாத்தாலும் கொல்லைப்பக்கமாவே போயிட்டு வந்துட்டு இருக்காங்க, பாவம்னா. மீதி எட்டும் அடிச்சுட்டுத்தான் பலகையைக் கொடுப்பேன்னு சொன்னா."

அவள் வீடுகளைத் திருப்ப நினைக்கவில்லை. அண்ணனுக்கு மூச்சு இறங்கியது. உடனே அடுத்த சூடு ஏறியது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சாப்பிடறப்ப பேசினது மச்சான்." மாப்பிள்ளையின் குரல் உயரவில்லை, ஆனால் அந்த அறையில் காலையிலிருந்து யாரும் அவ்வளவு கோபமாகப் பேசியிருக்கவில்லை. "எல்லாத்தையுமா உங்ககிட்ட வந்து ஒப்பிப்பா? மூணு மாசமா துக்கம் கேக்க வர்றவங்க எல்லாரும் உங்க கையைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவ எனக்கும் ஏதோ வேணும்."

அவர் நாற்காலிகளிடம் திரும்பிப் போனார். ஒன்று ஏற்கெனவே பளபளத்தது. அதையே மறுபடி துடைத்தார். அண்ணன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை நாக்கில் நின்றது. நான்கும் பழைய வார்த்தைகள். விழுங்கினார்.

பிறகு நூலைக் கொடுத்து ஒன்பதாவது வீட்டை அறுத்தார். திருப்பி வைத்தார். காய் நறுக்குகிறவளை ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து பெயர்த்து, பெட்டியை அகற்றி, அவள் படியில் உட்காரவைத்தார். பையிலிருந்த விளக்குகளை எடுத்தார். இரண்டையும் தண்டவாளத்தின் ஓரமாக நடுவதாகத்தான் பேச்சு. வயிற்றை எக்கிக்கொண்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து, ஒன்றை வாசல் பக்கம் நட்டார்.

அந்தப் பக்கம் ஒன்பது கதவுகளும் சுவரைப் பார்த்து நின்றன. நீலம், மஞ்சள், பச்சை. வெளியே தெரியாத ஒரு தெரு. சுண்ணாம்பு முழங்கையில் ஒட்ட, அவர் கடைசிவரை நகர்ந்து ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பசை சார்" என்றார் சந்துக்குள்ளிருந்தே. குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"சார்?"

"மூணாவது வீட்டுக்குக் கைப்பிடியே வெக்கலை நீங்க. என்ன வேலை பாத்திருக்கீங்க? எப்படி உள்ள போவாங்க?"

பசை குண்டூசி தேடி ஓடினார்.