கஞ்சி போட்ட நூல்

இத்ரியா ஊரின் பாதரசச் சுரங்கத்தில் முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. யேரா லேஸ் பட்டறையின் அடுப்பை மூட்டிவிட்டு நூற்கண்டுகளின் முன் உட்கார்ந்தாள். வலது கையில் லினன், இடது கையில் பருத்தி. இரண்டு இழைகளையும் ஈரத்துணிக்குள் விட்டு இழுத்து, சக்கரத்தைச் சுற்றி ஒரே புரியாக முறுக்கினாள். பிறகு கஞ்சி. அது காய்ந்ததும் நீவிவிட்டால் பின்னுகிற விரலுக்கு வித்தியாசம் தெரியாது. துவைக்கும்போதுதான் தெரியும். பருத்தி சுருங்கும், லினன் சுருங்காது. லேஸ் முகம் சுளிக்கும்.

லினன் விலை ஏறியதும் முதலாளி ப்ரெஸ்கார் கண்டுபிடித்த வழி இது. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊசிமுனைகளையே பார்த்துப் பார்த்து அவள் கண் மங்கிவிட்டது. இனி லேஸ் பின்ன முடியாது. நூல் பொறுக்கவும் இரட்டிக்கவும் விரல் போதும். அடுப்பருகே இடமும் உண்டு.

சனிக்கிழமைதோறும் பின்னி முடித்ததைத் துவைத்துப் பார்ப்பார்கள். போன சனிக்கிழமை உர்ஷாவின் கழுத்துப்பட்டி சுருண்டுகொண்டது. கை நடுக்கம் என்று சொல்லி ப்ரெஸ்கார் பாதிக் கூலிதான் கொடுத்தார். உர்ஷாவின் புருஷன் சுரங்கத்துப் பாதரசத்தால் விஷமேறியவன். கரண்டி பிடிக்க முடியாமல் கை நடுங்கிக் கிடக்கிறான். அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இந்த வாரம் முழுக்க உர்ஷா மூச்சை அடக்கிக்கொண்டு பின்னினாள். இடையிடையே நூல்கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளை விரித்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள். யேராவின் மங்கிய கண்ணுக்கும் அது தெரிந்தது.

இன்று மறுபடி சனிக்கிழமை. துவைத்ததும் ஏழு பேருடைய லேஸ் சுளித்தது. ப்ரெஸ்கார் நேரே உர்ஷாவிடம் வந்தார்.

"உன் புருஷன் நடுக்கம் உனக்கும் ஒட்டிக்கிச்சு. திங்கக்கிழமை வர வேணாம்."

"ஏழு பேருக்குமா ஒட்டிக்கிச்சு மொதலாளி?" என்றாள் லென்கா, பட்டறையின் வாய்க்காரி. "அப்ப நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எல்லோர் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கப்போவதாகச் சொன்னார்.

உர்ஷா கைகளை மேலங்கிக்குள் ஒளித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் யேரா எழுந்தாள். கண்டிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்து, அடுப்பில் கொதிக்கும் நீரில் போட்டு, எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அது புழுப்போல் சுருண்டு தொங்கியது.

"அவ கை நல்லாத்தான் இருக்கு. லினனோட பருத்தியச் சேத்து முறுக்கிக் கஞ்சி போட்டுக் குடுத்தேன். நான்தான்."

கட்டைகளின் சலசலப்பு நின்றது. எல்லா முகங்களும் முதலாளியை விட்டு அவள் பக்கம் திரும்பின. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"குருட்டுக் கண்ணுக்கு வேற எவன் அடுப்போரமா இடம் குடுப்பான்னு நெனச்சே?"

தாழ்த்திய குரலும் எல்லோர் காதிலும் விழுந்தது. யேராவின் கையிலிருந்த நூலிலிருந்து நீர் சொட்டியது.

லென்கா கத்தரிக்கோலை எடுத்தாள். வீட்டில் சாவு விழுந்தாலும் பாதி லேஸை யாரும் வெட்டுவதில்லை. அவள் வெட்டினாள். பக்கத்தில் இன்னொரு கத்தரி நறுக்கென்றது. பிறகு பட்டறை முழுக்க அந்தச் சத்தம்தான். அரைகுறை லேஸ்கள் முதலாளியின் மேசைக்குப் போயின. லேஸ் பின்னும் திண்டுகளும் நூல்கட்டைகளும் பெண்களின் கூடைகளில் ஏறின.

"நல்ல நூல் வரணும், பழைய கூலி வரணும்," என்றாள் லென்கா. "உர்ஷாவும் வரணும். அதுவரைக்கும் ஒரு ஊசி எறங்காது."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் தன் வீட்டுத் திருப்பத்தில் பிரியவில்லை; எல்லோரும் சேர்ந்தே நடந்தார்கள். யேரா கடைசியில் வந்தாள். ஒருத்தியும் அவளோடு பேசவில்லை.

ஆற்றுப் பாலத்தில் உர்ஷா நின்றாள். திண்டு வைத்த கூடையின் ஒரு பிடியை யேரா பக்கம் நீட்டினாள். யேரா பற்றிக்கொண்டாள். கூடை இருவருக்கும் நடுவே ஆடியது. கொஞ்ச தூரம் போனதும், உர்ஷா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"போன சனிக்கெழம இந்த வாய எங்கக்கா வச்சிருந்தே?"