சிவப்பு வட்டம்

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து வந்தது. 2010இல் தேனியில் ஒரு வியாபாரிகள் சங்கத்தார், கம்ப்யூட்டர் கேமரா முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டு ஆட்களோடு வியாபாரம் பேசுவது எப்படி என்று சின்னதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காதீர்கள், கேமராவின் கண்ணைப் பாருங்கள். அப்போதுதான் அவரையே நீங்கள் பார்ப்பதாக எதிரே இருப்பவருக்குத் தோன்றும். நான் ஒருநாளும் கேமரா முன்னால் பேசியவனில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

பழனிசெட்டிபட்டியில் டைப் அடிக்கக் கொடுத்தேன். கடையில் இருந்த பெண்ணின் பெயர் அனிதா மேரி. அடித்த தாள்களை நீட்டும்போது அவள் சொன்னாள்:

"சார், கேமராக் கண்ணப் பாக்கச் சொல்றீகளே, அத மட்டும் எடுத்துருங்க."

"ஏம்மா, தப்பா?"

"தப்பில்ல சார். ரொம்பச் சரி. அதான்."

பிறகு அவள் சொன்னதுதான் கதை. எழுத அனுமதி கேட்டேன். பெயரை மாற்றாமலே எழுதுங்கள் என்றாள். அந்த வரியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேற்கு மலையில் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில் மிக்கேல் தன்"

நிறுத்திவிட்டேன். மேகம் இருந்ததாக அனிதா சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் மேகத்தைப் பிடித்துவந்து கட்டிப்போடும் பழக்கம் எங்கள் எழுத்துக்காரர்களுக்கு உண்டு.

இரண்டாவது தொடக்கம்: "மிக்கேலுக்கு முகமே கிடையாது."

இது இருக்கட்டும். மிக்கேல் அனிதாவின் அப்பா, ராயப்பன்பட்டிக்காரர், மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, அழுத்தினால் என்ன என்பதெல்லாம் அந்த இருவருக்குள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும் என்பதால் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. மிக்கேல் அதில் பேர்போனவர். "கல்யாணத்தன்னைக்கும் இதே மூஞ்சிதான்" என்பாள் அவர் மனைவி செபஸ்தியம்மாள்.

(ஓரக்குறிப்பு: விரல் கணக்கு எனக்குத் தெரியாது. விசாரித்தேன். ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்பது கடைசியில் உங்களையும் சங்கடப்படுத்தும்.)

3

அனிதாவின் அண்ணன் வின்சென்ட் அப்பாவோடு தரகுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு சந்தையன்று அப்பாவைக் கேட்காமல் ஒரு ஜோடிக் காளைக்கு விலையை முடித்துவிட்டான். முடித்த விலை சரிதான், கேட்காததுதான் தப்பு. சமாதானமாகப் போகலாம் என்று அத்தனை பேர் பார்க்க அப்பாவின் துண்டுக்குள் கையைக் கொடுத்தான். மிக்கேல் தன் கையை உருவிக்கொண்டார்.

சந்தையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அந்த வருஷமே வின்சென்ட் துபாய்க்குப் போய்விட்டான். அம்மாவோடு மட்டும் போனில் பேசினான்.

[மிக்கேலைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டினால் கதை சுலபமாக நடக்கும். ஆனால் மகன் போனபிறகு அவர் மாட்டுத் தரகையே விட்டுவிட்டார். பன்னீர் திராட்சை வாங்கி அனுப்பும் வியாபாரத்துக்கு மாறினார். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றார். முட்டிவலிக்காரர் தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டிருந்தார். இந்த மனிதரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது?]

4

2009இல் வின்சென்ட் வேலைபார்த்த பழக் கம்பெனிக்குத் திராட்சை வேண்டியிருந்தது. அவனே முதலாளியிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அம்மா வழியாகச் சேதி வந்தது: கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம், முதலாளி பக்கத்தில் மொழிபெயர்க்க நான் இருப்பேன். மிக்கேல் சில நாள் வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போய்வந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அந்தப் பொட்டியில எப்படிப் பேசணும்னு எனக்குச் சொல்லிக் குடு."

அனிதா மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள். தன் டைப் கடையிலேயே அவரைப் பழக்கினாள். மிக்கேலுக்குக் குரல் பிரச்சினை இல்லை. கண்தான் நிற்கவில்லை, மடியில் இருந்த கைக்கும் துண்டுக்கும் போய்க்கொண்டே இருந்தது.

"குனியாதீகப்பா. அங்கன பாத்தா உங்க வழுக்கதான் அவுகளுக்குத் தெரியும்."

திராட்சைப் பெட்டியில் ஒட்டும் சிவப்பு வட்டம் ஒன்றை உரித்து, கேமராக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் மேலே ஒட்டினாள்.

"இதத்தான் பாக்கணும். திரையில யாரு வந்தாலும் கண்ணு கீழ போகக் கூடாது."

"வின்சென்ட் வந்தாலுமா?"

"அவன் வந்தாலுந்தான். நீங்க இதப் பாத்தாத்தான் அவனையே பாக்குற மாதிரி அவனுக்குத் தெரியும்."

மிக்கேல் அந்த வட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப சரி" என்றார்.

5

இந்தப் பகுதியை நீட்டி எழுத நினைத்தேன். முடியவில்லை, கை வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மிக்கேல் பிரமாதமாகப் பேசினார். காய்ப்பு, பெட்டி, லாரி எல்லாம் நிதானமாகச் சொன்னார். கண் வட்டத்தை விட்டு நகரவில்லை. கேமராவுக்குத் தெரியாமல் ஓரமாக நின்ற அனிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திரையில் முதலாளியும் பக்கத்தில் வின்சென்டும் இருந்தார்கள். நடுவில் முதலாளி யாரிடமோ பேச முகத்தைத் திருப்பினார். அப்போது வின்சென்ட் நேராகப் பார்த்தபடி, வலது கையால் தன் இடது கையின் நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிடித்தான். அழுத்தினான். விட்டான். மறுபடி பிடித்தான், இந்தத் தடவை விடாமல்.

படபடப்பில் சொடக்கு எடுக்கிறான் என்று அனிதா நினைத்தாள். விரல் கணக்கைப் பெண்பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மிக்கேல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து வின்சென்ட் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டான்.

திரை அணைந்ததும் மிக்கேல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒழுங்காப் பேசுனனா?"

"சூப்பராப் பேசுனீகப்பா."

"வின்சென்ட் எப்படி இருக்கான்? எளச்சிருக்கானா?"

அனிதாவுக்கு முதலில் புரியவில்லை. "நீங்க பாக்கலயா?"

"நீதான அந்த வட்டத்தப் பாக்கச் சொன்ன."

6

அன்று சாயங்காலம் வின்சென்ட் அம்மாவுக்குப் போன் செய்தான். செபஸ்தியம்மாள் போனை வைத்துவிட்டு வந்து, அவன் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னாள்:

"ஆரம்பத்துலருந்து கடேசி வரைக்கும் அப்பா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாகம்மா. நான் விரலப் பிடிச்சுக் காட்டுனேன். பாத்தாக. அசையல. அன்னைக்கு உருவுன கைய இன்னும் குடுக்க மனசில்ல அவுகளுக்கு. விடும்மா, நான் இனிக் கேக்க மாட்டேன்."

அனிதா உடனே திருப்பிப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. சில நாளில் அந்த நம்பரே இல்லை என்றது போன். கம்பெனியில் கேட்டதற்கு, ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மகன் விரல் காட்டியதும் போனில் சொன்னதும் மிக்கேலுக்குத் தெரியாது. ஆம்பளப் பிள்ளை, வேலை மாறியிருப்பான், கூப்பிடுவான் என்கிறார். சில சமயம் சந்தோஷமாகவே சொல்கிறார்: "என்னைய நல்லாப் பாத்துருப்பான். எம்புட்டு நேரம் கண்ணெடுக்காம இருந்தேன்."

அந்தப் பிடி அனிதாவின் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவிடம் காட்டினால் அர்த்தம் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவாரே என்றுதான் அவள் காட்டவில்லை. "நான் நல்லதுதான சார் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் என்னிடம். ஆமாம் என்றேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அதனால் அவள் பாரம் ஒரு பிடி குறையவும் இல்லை.

7

முடிவுகள்.

ஒன்று. அது வெறும் விலை. "ஏத்திக் கேளுங்கப்பா" என்று முதலாளிக்குத் தெரியாமல் சொல்லியிருக்கிறான். அப்படியானால் போனது கொஞ்சம் திராட்சைக் காசு. மனசு ஆறிவிடும்.

இரண்டு. பேரம் படிந்தபின் கடைசியாகப் பிடிக்கும் பிடி. "முடிச்சுக்கலாம்." சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். அப்படியானால் ஆறாது.

மூன்று. ஒருநாள் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு வின்சென்ட் இறங்கி — இதை எழுதி அடித்துவிட்டேன். சினிமாவுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

8

இவ்வளவையும் எழுதி அனிதாவிடம் கொடுத்தேன். ஏழாவதை அவள் இரண்டு தடவை படித்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்தப் பிடியை அப்பாவிடம் காட்டப்போவதாகச் சொன்னாள். காட்டினாளா என்று நான் கேட்கவில்லை. இனி வருவது என் கற்பனை.

"அப்பா, ஒண்ணு காட்டணும்" என்கிறாள். கையை நீட்டுகிறாள். மிக்கேல் பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டுவிடுகிறார். மகளின் கை அவர் துண்டுக்குள் போவது அதுதான் முதல் தடவை. உள்ளே அவருடைய நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிடிக்கிறாள். அழுத்துகிறாள். விடுகிறாள். மறுபடி பிடிக்கிறாள், விடாமல்.

எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிகிறது. மிக்கேலுக்கு முகமே கிடையாது என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இப்போது அடிக்க வேண்டியிருக்கிறது.

"இது வின்சென்ட் பிடி" என்கிறார். கையை உருவவில்லை. "இத எப்ப உனக்குக் காட்டுனான்?"

அனிதா பதில் சொல்ல வேண்டும். அவளுக்காக ஒரு வாக்கியம் தேடிப் பார்த்தேன். பொய்யாக நாலைந்து கிடைத்தன, உண்மையாக ஒன்றுதான் இருக்கிறது, அதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத என்னால் ஆகவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவர் காத்திருக்கிறார், கண்ணை எடுக்காமல், இந்தத் தடவை மகளைத்தான் பார்த்துக்கொண்டு.