குழாய் ஸ்பீக்கரில் வாசித்த ஓலை

1969-ல் எங்கள் தாம்பரம் கிறிஸ்தவ ஆலயக் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் சபைச் செயலாளனாகிய நான்தான். கமிட்டியில் எதிர்த்தது ஜீவரத்தினம் டீச்சர் ஒருவர் மட்டுமே.

"உள்ள இருக்கிற நூறு பேர்கிட்ட கேக்கறதை ஊர்கிட்ட கேட்டா, ஊரே பதில் சொல்லும் சார். தாங்குவீங்களா?"

"காலம் மாறுது டீச்சர்" என்றேன்.

அந்த மாதமே டீச்சரின் தங்கை மகள் கிருபாவுக்கும் பம்மல் தாவீதுக்கும் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று போதகர் கேட்பார். வழக்கமாக யாரும் இருமக்கூட மாட்டார்கள். தடை வந்தால் விசாரித்து முடிக்கும்வரை தாலி கிடையாது.

முதல் ஞாயிறு ஸ்பீக்கரில் கேட்டதும் பதினேழு பேர் வந்தார்கள். டீக்கடை முனியம்மா, "அந்தப் புள்ள டீய ஆறவுடாம குடிக்கறான் சார். அவசரக்காரன். பொண்ணு பாடு பேஜாரு" என்றாள். மின்சார ரயிலைச் சானடோரியம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு வந்த கார்டு, தாவீது படியில் தொங்குவதாக எழுதிக் கொடுத்தார். பயணிகள் ஆறு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு காற்று கிழக்கே அடித்தது. கேளம்பாக்கத்திலிருந்து ஒருவர் மாட்டுவண்டியில் வந்தார்.

"மாப்பிள்ளை யாருன்னே தெரியாதுங்க. ஆனா அவ்ளோ மரியாதையாக் கேக்கறாங்க, பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

போதகர் வாரம் முழுக்க விசாரித்து எல்லாவற்றையும் தள்ளினார். மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாளே கல்யாணம் என்பதால், அன்று ஒரே ஒரு தடை வந்தாலும் தேதி போய்விடும். கிருபா சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு விடியும்போதே ஆலய மதில்மேல் இருநூறு பேர். டீச்சர் ஆம்ப்ளிஃபயரின் ஃப்யூஸைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் அமர்ந்தார்.

"டீச்சர், இது நியாயமா?"

"கதவு தொறந்துதான் இருக்கு சார். உள்ள வந்து கேக்கச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். பிரசங்கம் இரண்டு மணி நேரம் என்றும் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. உள்ளே போதகர் வெறும் தொண்டையில் கேட்டார். யாரும் இருமவில்லை. எத்தனையோ பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரை அத்தனை சரியாகப் புரிந்துகொண்டவர் டீச்சர்தான்.

திங்கட்கிழமை தாலி ஏறியது. மதில்காரர்கள் அப்போதும் இறங்கவில்லை. பிரியாணியை அங்கேயே பரிமாறினோம்.

"எப்ப சார் கேப்பீங்க?" என்றாள் முனியம்மா, மென்றுகொண்டே.

டீச்சர் அவள் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.