இரண்டு முறை கூப்பிட்டேன்

அய்யாவு பேய்க்குப் பயந்தவன். இதைச் சொன்னால் அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். லைன்மேன் வேலை அவனுக்கு. நாற்பதடி மின்சாரத் தூணில் இடுப்பு வாரை நம்பித் தொங்கிக்கொண்டே, கீழே நிற்பவனிடம் தே தாரிக் டீ வாங்கி வரச் சொல்லுவான். அப்படிப்பட்டவன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற வாழை மரங்களைப் பொழுது சாய்ந்த பிறகு தனியாகத் தாண்ட மாட்டான். இருபத்தாறு வயதில்!

எனக்கு அது போதும். ஒருவனுடைய பயம் தெரிந்துவிட்டால் அதை நோண்டிக்கொண்டே இருக்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்திதான் அவனைக் கொன்றது. மலை என்கிறார்கள், மழை என்கிறார்கள், விதி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

1984, ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய மோட்டார் சைக்கிளில் அம்பாங்கைத் தாண்டி, கிள்ளான் கேட்ஸ் அணைக்குப் பக்கத்து மலைக்குப் போனோம். அதற்கு முன் நாலைந்து தடவை ஏறியிருக்கிறோம். உச்சி முழுக்க வெள்ளைக் கல். சில இடங்களில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம் இருக்கும். ஒரு பக்கம் கோலாலம்பூர், மறு பக்கம் அணைத் தண்ணீரும் காடும். நான் உட்கார்ந்து நகர்கிற இடத்தில் அய்யாவு விசிலடித்துக்கொண்டு நடப்பான். அதனால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மேலே உட்கார்ந்து அவனுடைய அம்மா தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் நெத்திலி சம்பலும் சாப்பிட்டோம். அப்போதுதான் ஆரம்பித்தேன்.

"டேய், இந்தக் காட்டுல யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா உடனே பதில் சொல்லிடாத. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுஷன். அதுங்களுக்கு ரெண்டு தடவதான் கூப்பிட முடியும்."

"தெரியும் லா. சும்மா இரு."

"இது தெரியுமா? தெரிஞ்ச குரல்லதான் கூப்பிடும். உங்கம்மா குரல்ல வரும். என் குரல்லகூட வரும்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். நான் அதோடு விட்டேனா? கை கழுவுகிற சாக்கில் பாறைக்குப் பின்னால் போய், தொண்டையை இறுக்கி, "அய்யாவு..." என்று இழுத்தேன். ஒரு முறைதான். எட்டிப் பார்த்தால், எச்சில் கையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். கையில் கிடைத்த கல்லை என் மேல் எறிந்தான். பிறகு அவனும் சிரித்தான்.

இறங்கும்போது பாதி வழியில் நின்றான். "தூக்குச்சட்டிய மேலேயே விட்டுட்டேன். அது இல்லாம போனா அம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடாது. நீ உக்காரு, வந்துடறேன்."

உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. பழிக்குப் பழி வாங்குகிறான், எங்கேயோ ஒளிந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தேன். விளையாடு மச்சான், எவ்வளவு நேரம் விளையாடுவாய் பார்க்கலாம் என்று சிகரெட்டைப் பற்றவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் எழுந்தேன். ஏறிப் போனேன். தூக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. அவன் அங்கே வந்து சேரவே இல்லை.

தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். அந்த நேரத்தில் அவன் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். எந்தப் பக்கம் விழுந்தான் என்றுகூடத் தெரியவில்லை. விழுந்து எழுந்து கீழே ஓடி, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து மளிகைக் கடையில் போன் செய்து, தீயணைப்புக்காரர்கள் வந்து சேர ஐந்தரை மணி ஆகிவிட்டது. எட்டுப் பேர். வழி தெரிந்த மலாய்க்காரர் இரண்டு பேர் கம்பத்திலிருந்து கூட வந்தார்கள். அணைப் பக்கமாக மலையடியைச் சுற்றி, பள்ளம் பள்ளமாகத் தேடினோம். தெரிந்த குரலாக இருந்தால் தைரியமாக இருக்கும் என்று சொல்லி என்னையே கூப்பிடச் சொன்னார் அவர்களுடைய அதிகாரி.

ஐந்தாவது பள்ளமோ ஆறாவதோ. வெளிச்சம் மங்கிவிட்டது. மரங்களுக்கு மேலே இடி உருண்டது. என் குரல் அப்போது என் குரலாகவே இல்லை, கரகரவென்று எங்கிருந்தோ வந்தது.

"அய்யாவு..."

காத்திருந்தோம்.

"அய்யாவு..."

மறுபடியும் காத்திருந்தோம். தவளைச் சத்தம்தான் கேட்டது. தொண்டை எரிந்தது. இங்கே இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளத்துக்கு நடந்தேன். பத்து நிமிஷத்தில் மழை கொட்டியது. பாறை வழுக்கும், விடிந்ததும் கூடுதல் ஆட்களோடு வருவோம் என்று அதிகாரி திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது.

காலை எட்டு மணிக்கு அவனைக் கண்டுபிடித்தார்கள். நான் இரண்டு முறை கூப்பிட்டேனே, அதே பள்ளம். நான் நின்ற இடத்திலிருந்து முப்பதடிகூட இருக்காது, பெரிய வேருக்குப் பின்னால் கிடந்தான். தொடை எலும்பு உடைந்திருந்தது. வயிறு வீங்கியிருந்தது. இரவெல்லாம் மழையில் ஊறி உதடு வெளுத்திருந்தது. உயிர் இருந்தது. கயிறு கட்டி ஸ்ட்ரெச்சரை இறக்கி, ஆள் மாற்றி ஆள் சுமந்து சாலைக்குக் கொண்டுவர நான்கு மணி நேரம் பிடித்தது. நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.

பாதி வழியில் இறக்கி வைத்தபோது கண்ணைத் திறந்தான்.

"லிங்கம், நேத்து சாயங்காலம் கூப்பிட்டது நீதானா?"

"நான்தான்டா."

"கேட்டுச்சு. உன் குரல்தான். அதனாலதான் பயந்துட்டேன்." மூச்சு வாங்கினான். "ரெண்டு தடவையோட நின்னு போச்சு. வாயப் பொத்திக்கிட்டேன்டா."

சொல்லிவிட்டு, தன் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். நான் அவன் காலடியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலமே கிடைத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவனுடைய அம்மா பவுனம்மாள் என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டார். அவரிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் நான் போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"லிங்கம், ஆஸ்பத்திரியில அவன் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். தேட வந்தவங்க கூப்பிட்டது கேட்டுச்சாம். இவன்தான் பதில் சொல்லலியாம்." குரலை இறக்கினார். "நான்தான்பா காரணம். சின்னப் புள்ளையில அடங்காம சுத்துவான். மூணு தடவ கூப்பிடாம வெளிய போகாதடான்னு நான்தான் பயமுறுத்தி வெச்சேன். எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்."

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சாகக் கிடந்தபோதும் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. பாரத்தை வாங்கிக்கொள்ள வேறு ஒருத்தர் வந்துவிட்டார் என்ற நிம்மதி. "அப்படிலாம் இல்லம்மா" என்று இரண்டு வார்த்தை முனகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வாழ்க்கையில் நான் செய்த ஈனத்தனங்களில் மலையில் செய்தது இரண்டாவதுதான். முதலாவது இது.

ஒரு வருஷம் அந்த அம்மா உருகிப்போனதைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தேன். கறி, மீன் எல்லாவற்றையும் விட்டார். கோயிலுக்குப் போனாலும் உள்ளே போவதில்லை, வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவார். உள்ளே போகத் தனக்குத் தகுதியில்லை என்று என் தங்கையிடம் சொன்னாராம். அதைக் கேட்ட அன்று என்னால் சோறு இறக்க முடியவில்லை.

முதல் திதி முடிந்த சாயங்காலம் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புளிச்சோறு சாப்பிட்டபோது பேசியது, பாறைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டது, சிரித்தது, சிகரெட் குடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது, பள்ளத்தில் இரண்டு முறை கூப்பிட்டது, ஸ்ட்ரெச்சரில் அவன் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

அவர் என் தலையில் கை வைத்தார்.

"எனக்காக இவ்வளவு பெரிய பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கறியேப்பா. எப்படிப்பா உனக்கு மனசு வந்துச்சு?"

"பொய் இல்லம்மா. சத்தியமா நடந்ததும்மா."

"நான் பட்ட பாட்ட பக்கத்துல இருந்து பாத்த புள்ள. பொறுக்காம சொல்ற. எனக்குத் தெரியாதா?"

அவன் மேல் சத்தியம் செய்தேன். முருகன் மேல் செய்தேன். அவர் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழாத லிங்கம். அவன் இல்லாட்டி என்ன, எனக்கு நீ இருக்கல்ல," என்றார்.