கவிழ்க்காத தொட்டி

விறகுக் கட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த கருப்புத் தொட்டியைக் கண்டதும் சந்திரனுக்குக் கோபம் தலைக்கேறியது. கொசு ஒழிப்பு வேலையில் எட்டு வருடமாக அவர் வாயில் ஒரே பாட்டுதான்: தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஊரே கேட்டது. மாதம்மாள் மட்டும் டிமிக்கி கொடுத்திருக்கிறாள்.

போன மாதம்தான் அவர் மகள் நதியா டெங்குவில் பிழைத்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேலுள்ள இந்த ஊருக்குத் திரும்பியிருந்தாள். இன்னொரு முறை வந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒரு கொசுப்புழுவைக் கண்டாலும் அங்கேயே கொட்டிவிட்டுத்தான் அவர் நகர்வார்.

"இன்னா மாதம்மா இது? எம் பொண்ணு சாவணுமா?"

"ஐயோ, அப்டி சொல்லாதீங்க சார். பூந்திக்கொட்டைத் தோலு ஊறுது. தலைக்கு, துணிக்கு எல்லாத்துக்கும் அதான் சோப்பு. முன்னெல்லாம் வூட்டுக்கு வூடு இருந்திச்சி. நீங்க சொன்னீங்கன்னு எல்லாரும் கொட்டிட்டாங்க."

டார்ச்சை அடித்தார். பழுப்புத் தண்ணீரில் ஒரு புழுகூட இல்லை. கொசு வரவே இல்லையோ? லென்ஸை விளிம்பருகே பிடித்தார். மிளகுத்தூள் சிந்தியதைப் போல முட்டைகள். பாதிக்கு மேல் வெறும் கூடுகள். கொசு வந்திருக்கிறது, முட்டை பொரிந்திருக்கிறது. பொரிந்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவரால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர் டிரம்மில் பிடித்த புழுக்களை இரண்டு டம்ளர்களில் பிரித்து விட்டார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் தொட்டித் தண்ணீர்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது முதல் டம்ளரில் புழுக்கள் குதியாட்டம் போட்டன. இரண்டாவதில் அத்தனையும் நூல் துணுக்குகளாய் அடியில் கிடந்தன. சந்திரனுக்கு உடம்பு புல்லரித்தது. காட்டில் கேட்பாரற்று உதிர்கிற காய். அதன் தோலுக்குள் இவ்வளவு வேலையா! கொசுவை வரவிட்டு, முட்டையிடவிட்டு, பொரிந்ததும் சத்தமில்லாமல் கணக்கை முடித்துவிடுகிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

பிறகுதான் அது உறைத்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர். இப்படிக் கொசுவைத் தீர்த்துக்கட்டும் எத்தனை தொட்டிகளைக் கவிழ்த்திருக்கும்!

"கொட்டிடட்டுமா சார்?" மாதம்மாள் பயந்தபடி தொட்டியில் கை வைத்தாள்.

"வேணாம்மா, வேணாம்!" இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார் சந்திரன். ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று பூந்திக்கொட்டை ஊறிய முதல் தொட்டியை அவர் கவிழ்த்தது தன் வீட்டு வாசலில்தான்.